படிக்கமும் ஐந்து போத்தலும்

எங்கள் வீட்டுப் படிக்கத்துக்குள் வெற்றிலைச் சாறு தவிர வேறொன்று விழுந்தது போன ஆனி மாதம்தான். பித்தளைப் படிக்கம். மாமாவின், அதாவது என் மனைவியின் தகப்பனாரின் சொத்து. இடம்பெயர்ந்து போகும்போது கிடாரம், குத்துவிளக்கு, அம்மி எல்லாவற்றோடும் சேர்த்து வளவுக்குள் புதைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து தோண்டினால் கிடாரம் இல்லை, விளக்கு இல்லை, படிக்கம் மட்டும் கிடந்தது. "எச்சில் படிக்கத்தை ஆர் எடுப்பான்" என்று இப்போதும் சொல்லிச் சிரிப்பார்.

அதைத்தான் மச்சான் கேட்டான்.

"அப்பா, உந்தப் படிக்கத்தை ஒருக்காத் தாங்கோ. வைன் துப்ப வேணும்."

"காசு குடுத்து வாங்கினதைத் துப்பவோ?"

"ஓம் அப்பா. முழுங்கினால் மூண்டாவது கிளாசுக்குப் பிறகு எல்லாம் ஒரே ருசிதான்."

மாமா ஒன்றும் சொல்லவில்லை. படிக்கத்தைப் பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். நாற்பது வருஷமாக அவர் அதைத் தானே கழுவி நான் கண்டதில்லை என்றாள் மனைவி.

மச்சான் என் மனைவியின் தம்பி. தொண்ணூறுகளில் பாரிசுக்குப் போனவன். போன எல்லாரையும் போல அவனும் கோப்பை கழுவித்தான் தொடங்கினான். பிறகு அதே உணவகத்தில் மேசைக்கு வந்தான், பிறகு வைன் படித்தான். இப்போது சாப்பிட வருகிறவர்களுக்கு எந்தச் சாப்பாட்டுக்கு எந்த வைன் என்று சொல்லிக் கொடுப்பதுதான் அவன் வேலை. அங்கே அதற்குச் சொமெலியே என்று பெயர். கோப்பை கழுவப் போனவன் திரும்பி வந்து எங்களுக்கு வாய் கழுவப் படிப்பிக்கிறான் என்று நான் பகிடி விட்டேன். அந்தப் பகிடிதான் இந்தக் கட்டுரைக்கு வித்து, ஏனென்றால் அன்று பின்னேரம் முழுக்க எங்களுக்குப் பிரச்சினை வைன் அல்ல, ஒரு வைனுக்கும் அடுத்ததற்கும் இடையில் வாயை என்ன செய்வது என்பதுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் சாராயக் கடைக்குப் பெயர் 'வைன் ஸ்ரோர்ஸ்'. உள்ளே போய் வைன் கேட்டால் ஆளை மேலும் கீழும் பார்ப்பார்கள். சாராயமும் பியரும்தான் அங்கே ஓடுகிற சாமான். ஆகவே வன்னியில், முத்தையன்கட்டில் நாங்கள் வைன் அறிந்த சனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்து, வீட்டில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, காய்ச்சத் தொடங்கி ஒரு கிழமை கழித்துத்தான் மச்சான் தன் சூட்கேசைத் திறந்தான். உடுப்புக்குள் சுற்றி ஐந்து போத்தல். லுவார் ஆற்றுப் பக்கத்து மஸ்கடே, அல்சாஸ் ரீஸ்லிங், இரண்டும் வெள்ளை. பொஜொலே, மதிரான், இரண்டும் சிவப்பு. அரைப் போத்தல் சோத்தேர்ன், அது இனிப்பு. இந்த வரிசையில்தான் குடிக்க வேண்டுமாம். வெள்ளைக்குப் பிறகு சிவப்பு, மெல்லியதற்குப் பிறகு கனமானது, இனிப்பு கடைசியில். வரிசை சரியாக இருந்தால் வாய் கழுவுகிற வேலையில் பாதி முடிந்தது என்றான். பாயாசத்துக்குப் பிறகு யாராவது ரசம் குடிப்பார்களா? அதே கதைதான்.

வெயில் பற்றி அவன் கணக்குப் போடவில்லை. சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் குடிக்கலாம் என்பது ஐரோப்பியக் கல்வீட்டு அறையை நினைத்துச் சொன்னது, 16 முதல் 18 பாகை வரை. எங்கள் விறாந்தையில் அன்று 34. பிறிட்ஜுக்குள் மனைவி மீன் வைத்திருந்தாள், அதற்குள் வைக்க அவனுக்கு மனம் இல்லை. கடைசியில் ஐந்தையும் ஒரு பனையோலைக் கடகத்தில் வைத்து, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினோம். இரண்டு மணித்தியாலம். பக்கத்து வளவுப் பெடியன் ஒருவன் தண்ணி அள்ள வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, கிணத்துக்க என்ன கிடக்கு?" என்று கேட்டான். "மருந்து" என்றார் மாமா.

கிளாசுக்கும் ஒரு கதை உண்டு. வைன் ருசி பார்க்கவென்றே 1977-இல் உலகத் தர நிறுவனம் ஒரு கிளாசுக்கு அளவு வகுத்திருக்கிறது. முட்டை மாதிரி வயிறு, ஒடுங்கின வாய், கொள்ளளவு ஏறக்குறைய 215 மில்லிலீற்றர், அதில் ஊற்றுவது 50. எங்களிடம் இருந்தது தேத்தண்ணிக் கிளாஸ். சவர்க்கார மணம் போகிற வரைக்கும் சுடுதண்ணியில் மூன்றுமுறை அலசச் சொன்னான். அது போதும் என்றான்.

சரி, விசயத்துக்கு வருவோம்.

வெள்ளை இரண்டும் பெரிய கரைச்சல் தரவில்லை. மஸ்கடே தேசிக்காய்த் தோலை நகத்தால் கிள்ளி மணந்தது மாதிரி. ரீஸ்லிங்கில் புளிப்பு இன்னும் கூர். இரண்டுக்கும் நடுவில் ஒரு மிடறு தண்ணி விட்டுக் கொப்பளித்துத் துப்பினால் போதும், வாய் பழையபடி வந்துவிடும். புளிப்பு எச்சிலில் கரைந்து போகிற சாமான். நாளொன்றுக்கு அரை லீற்றரில் இருந்து ஒன்றரை லீற்றர் வரை எச்சில் ஊறுகிற வாய்க்கு அதைக் கழுவுவது பெரிய வேலை இல்லை.

ஆனால் எந்தத் தண்ணி? அங்கேதான் முதல் வில்லங்கம். எங்கள் கிணறு சுண்ணாம்புக் கிணறு. கேத்திலின் அடியில் மாதத்துக்கு ஒருமுறை வெள்ளைப் படையைச் சுரண்ட வேண்டும். அந்தத் தண்ணியில் கொப்பளித்துவிட்டு மச்சான் மஸ்கடேயை மறுபடி வாயில் விட்டான். முகம் சுருங்கியது. "புளிப்பு செத்துப் போச்சு அத்தான். சப்பெண்டு கிடக்கு." சுண்ணாம்புத் தண்ணிக்குப் புளிப்பைத் தணிக்கிற குணம் உண்டு. பிறகு கானில் இருந்த பில்ரர் தண்ணியை ஊற்றினோம். உப்பெல்லாம் வடித்தெடுத்த தண்ணி. வன்னியில் சிறுநீரக வருத்தத்துக்குப் பயந்து இப்போது ஊருக்கு ஊர் அதுதான். குடிக்கும்போது ருசியே இல்லை என்று நாங்கள் குறை சொல்கிற அதே தண்ணி, இந்த வேலைக்கு ஓரளவு பொருந்தியது. ஐசும் வேண்டாம் என்றான். குளிர்ந்த தண்ணி நாக்கை மரக்க வைத்துவிடும், அடுத்த மிடறில் பாதி தெரியாது.

தண்ணியின் ருசி பிடிப்பதில் நான் கொஞ்சம் கெட்டிக்காரன். மச்சான் மூன்று கிளாசில் மூன்று தண்ணி வைத்து என் கண்ணைக் கட்டினான், மூன்றையும் சரியாகச் சொன்னேன். அவன் ஆச்சரியப்பட்டான். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. 2008-இலும் 2009-இலும் சண்டைக்குள் இடம்பெயர்ந்து நாங்கள் நின்ற இடமெல்லாம் எனக்குத் தண்ணியாகத்தான் ஞாபகம். விசுவமடுவில் ஒரு தோட்டக் கிணறு, நல்ல தண்ணி. மாத்தளனில் மணலைக் கையால் தோண்டினால் ஊறுகிற தண்ணி, முதல் நாள் குடிக்கலாம், மூன்றாம் நாள் சவர். பிறகு முகாமில் பவுசரில் வந்த குளோரின் மணத் தண்ணி. ஒரு கிளாஸ் தண்ணியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுவரும்போதே குளோரின் இருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். வைன் ருசிக்கிற இடத்தில் குளோரின் தண்ணி வைக்கவே கூடாது என்றான் மச்சான். அது எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சிவப்பு தொடங்கியதும்தான் உண்மையான பிரச்சினை.

வெறுந்தேத்தண்ணியைச் சாயம் கூடப் போட்டு, சீனி இல்லாமல் குடித்துப் பாருங்கள். கன்னத்தின் உட்பக்கம் இறுகும், நாக்கு பல்லில் உரசும். அந்தத் துவர்ப்பை எங்கட சனம் கயர் என்று சொல்லும். இளம் கொய்யாக்காயிலும் வாழைக்காயிலும் பாக்கிலும் இருப்பது அது. தனின் என்கிற சாமான் எச்சிலில் இருக்கிற புரதத்தோடு ஒட்டி, அதைத் திரளையாக்கி விடுகிறது. எச்சிலின் வழுவழுப்பே அந்தப் புரதத்தால் வருவது. அது போனால் வாய் எண்ணெய் விடாத கதவுக் கீல் மாதிரி. அதே தேத்தண்ணியில் பாலை விட்டால் கயர் அடங்கிவிடுவதும் இதனால்தான். தனின் பாலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொண்டு எச்சிலை விட்டுவிடுகிறது. சிவப்பு வைனில் இந்தத் தனின் வருவது முந்திரிகையின், அதாவது திராட்சையின், தோலிலும் விதையிலும் இருந்து. சிவப்பைத் தோலோடு புளிக்க விடுவார்கள். வெள்ளைக்குச் சாற்றை முதலே பிழிந்து தோலைப் பிரித்துவிடுவார்கள்.

இதில் எங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. மேற்கத்தைய விஞ்ஞானம் துவர்ப்பைச் சுவை என்று ஏற்பதில்லை, அது தொடு உணர்ச்சியாம், காரம் நோவு உணர்ச்சியாம். இருக்கட்டும். அறுசுவையில் துவர்ப்புக்கு ஒரு தனி இடம் கொடுத்து வைத்திருப்பதால் எங்கட ஆட்கள் அதைக் கசப்போடு குழப்ப மாட்டார்கள். வைன் படிக்க வருகிற வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு முதல் மாதம் போவது இந்த இரண்டையும் பிரித்தறியத்தான் என்றான் மச்சான். மாமாவுக்கு அதைப் பிரிக்க ஒரு செக்கன் போதும்.

தனினின் குணம், அது சேர்ந்துகொண்டே போவது. முதல் மிடறில் கொஞ்சம், இரண்டாவதில் அதற்கு மேல், நாலாவது மிடறில் வாய் தோல் பதனிட்ட மாதிரி. அப்படி இருக்கும்போது அடுத்த போத்தலைத் திறந்தால், முந்தினதன் குற்றம் அடுத்ததன் தலையில் விழும். தண்ணி இங்கே பெரிதாக உதவாது. கொப்பளிக்கலாம், ஆனால் பல்லிலும் கன்னத்திலும் ஒட்டினது தண்ணிக்கு அசையாது.

பொஜொலே லேசான சிவப்பு, கயரும் கொஞ்சம்தான். அதைக் குடித்துவிட்டு மச்சான் பாண் கேட்டான். பிரெஞ்சுக்காரர் வைனுக்கு நடுவில் நீளப் பாணைக் கிள்ளிச் சாப்பிடுவார்கள். வீட்டில் இருந்தது அன்று காலையில் சைக்கிள்காரன் கொண்டுவந்த பணிசும் மாலுபாணும். பணிசில் சீனி, மாலுபாணில் மீனும் மிளகும். இரண்டையும் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். அப்புறம் அலுமாரிக்குள் கிடந்த கிறீம் கிறாக்கர் பிஸ்கற் வந்தது. "இது பரவாயில்லை, ஆனால் உப்புக் கிடக்கு" என்றான். 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றியும் சொன்னான். இனிப்பு, கசப்பு, கயர், உறைப்பு, கொழுப்பு என்று பலவிதமான சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணி, இளஞ்சூட்டுத் தண்ணி, பால், சொக்கிலேற், பெக்ரின் கரைசல், வெறும் மாவிலும் தண்ணியிலும் சுட்ட பிஸ்கற் என்று ஒவ்வொன்றையும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஈடுகொடுத்தது அந்தப் பிஸ்கற் ஒன்றுதான்.

பாலும் சொக்கிலேற்றும் தோற்ற இடத்தில் ஒரு வெறும் பிஸ்கற் வென்றது எனக்கு மனதில் தைத்தது. ஆனால் தைத்தது மூளைக்குப் போகுமுன் நான் செய்த வேலையைச் சொல்கிறேன்.

மதிரானைத் திறந்து வைத்துவிட்டு மச்சான் தொலைபேசி கதைக்க முற்றத்துக்குப் போனான். பிரான்சின் தென்மேற்கில் இருந்து வருகிற வைன் அது. அதில் முக்கியமான முந்திரிகையின் பெயரே தன்னா, தனின் மாதிரி ஒலிக்கிற பெயர், பெயருக்கேற்ற குணம். அதற்கு முன் வாயை நன்றாகக் கழுவி வைப்போம் என்று நினைத்து, குசினிக்குள் போய் உப்பில் போட்ட நெல்லிக்காய்ப் போத்தலைத் திறந்து ஒன்றைக் கடித்தேன். ஒட்டுசுட்டான் காட்டு நெல்லி. ஒரு மிடறு தண்ணி குடித்தேன், தண்ணி இனித்தது. நெல்லிக்குப் பிறகு தண்ணி இனிக்கும் என்பது எங்கள் பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் நாங்கள் எல்லாரும் படித்த முதல் விஞ்ஞானம். வாய் சுத்தம் என்று முடிவெடுத்தேன்.

மச்சான் வந்தான். மதிரானை வாயில் விட்டேன். அடடா. பழம், மிருது, கயரே இல்லை, நாவற்பழக் களி மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. "மச்சான், ஐஞ்சிலும் இதுதான் ராசா!" என்றேன். அவன் தன் கிளாசைக் குடித்தான். கன்னம் உள்ளே போனது. என்னைப் பார்த்தான்.

"அத்தான், என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஒண்டுமில்லை. வாய் கழுவினனான்."

"என்னாலை?"

சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். உப்பும் புளிப்பும் முன்னுக்குப் போனால் பின்னால் வருகிற வைனின் புளிப்பும் கசப்பும் அடங்கிவிடும், கெட்டதும் நல்லதாகத் தெரியும். வைன் வியாபாரத்தில் ஒரு பழைய பேச்சு உண்டாம்: வாங்கும்போது அப்பிளைக் கடி, விற்கும்போது சீஸைக் கொடு. அப்பிளின் இனிப்பும் புளிப்பும் வைனில் உள்ள குறையை வெளியில் இழுத்துவிடும், சீஸின் கொழுப்பும் புரதமும் தனினை மூடிக் குறையை மறைக்கும். நான் நெல்லிக்காயைத் தின்று எனக்கே மதிரானை விற்றுக்கொண்டேன்.

அரை மணி கழித்து அதே கிளாசை மறுபடி குடித்தேன். பச்சைப் பாக்கை மென்ற மாதிரி வாய் ஒட்டிக்கொண்டது. "உதுதான் உண்மையான மதிரான்" என்றான் மச்சான்.

அன்றிலிருந்து இதை நான் இரண்டாகப் பிரித்துத்தான் யோசிக்கிறேன். வாய் கழுவுவது ஒன்று, வாய் மாற்றுவது இன்னொன்று. எங்கள் சாப்பாடு முழுக்க வாய் மாற்றிகளால் ஆனது. கறிக்குப் பிறகு ரசம், ரசத்துக்குப் பிறகு மோர், மோருக்குப் பிறகு வெற்றிலை. ஒன்றின் ருசியை இன்னொன்று தள்ளிக்கொண்டு போகும், ஒன்றும் வெளியேறுவதில்லை. பிரெஞ்சுக்காரர் பெரிய விருந்தின் நடுவில் தேசிக்காய் ஐசும், நோர்மண்டியில் அப்பிள் சாராயமும் கொடுப்பதும் இதே வேலைதான். சாப்பிடுகிறவனுக்கு உற்சாகம் வரும், அடுத்த கோப்பைக்கு வயிறு இடம் விடும். ருசி பார்க்கிறவனுக்கு அது பெரும் பாதகம், ஏனென்றால் தேசிக்காய் போக இன்னொன்று வேண்டும். பல் தீட்டிவிட்டுத் தோடம்பழச் சாறு குடித்தவர்களுக்கு இது தெரியும். பற்பசையில் நுரை தருகிற சாமான் இனிப்பை அமுக்கிக் கசப்பைக் கிளப்பிவிடும். சுத்தமான வாய்தான், ஆனால் சாறு வேப்பெண்ணெய்.

மாமாவுக்கும் ஒரு கிளாஸ் மதிரான் கொடுத்தோம். வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாயைக் கழுவாமலே குடித்தார்.

"இதென்ன மோனை, பாக்குத் தண்ணி" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அறுபது வருஷமாகப் பாக்கின் கயரில் ஊறின வாய் அது. பிரான்சின் கடுங்கயர் வைன் அந்த வாய்க்குப் பச்சைத் தண்ணி. பிறகு வழக்கம்போலப் படிக்கத்தில் துப்பினார். சிவப்பு வைனும் வெற்றிலைச் சாறும் கலந்து ஒரே நிறமாகக் கிடந்தது. எது எது என்று யாருக்கும் தெரியாது.

நாலரை மணியளவில் அண்ணை வந்தார். உறவுக்காரர் இல்லை, ஊருக்கே அண்ணை. தவறணையில் முப்பது வருஷம் கள்ளு அளந்தவர். இளமையில் மரமும் ஏறியவர். மச்சான் வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டுச் சுகம் விசாரிக்க வந்தவரைப் பிடித்துத் திண்ணையில் இருத்தினோம்.

அவர் ஒவ்வொன்றையும் நிதானமாக மணந்தார், ஒரு மிடறு வாயில் விட்டு உருட்டினார், துப்பினார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தவறணையில் காலையில் பத்துப் பன்னிரண்டு பேரின் கள்ளு வந்து இறங்கும். ஒவ்வொரு முட்டியையும் ருசி பார்த்துத்தான் எடுப்பாராம். எது நேற்றைய பழங்கள்ளோடு கலந்தது, எது தண்ணி விட்டது, எந்த முட்டியின் அடியில் முந்தினநாள் சுண்ணாம்பு மிச்சம் கிடக்கிறது என்று நாக்கால் பிடிக்க வேண்டும். சுண்ணாம்பு பூசின முட்டியில் இறக்கினால் பதநீர் புளிக்காமல் கருப்பநீராக நிற்கும். அந்தச் சுண்ணாம்பு கொஞ்சம் மிஞ்சினாலும் கள்ளின் ருசி மாறிவிடும். விடியற்காலையில் இனிக்கிற கள்ளு மத்தியானம் புளித்து, பின்னேரம் சுருக்கென்று ஏறும். ஆகவே பன்னிரண்டு முட்டியையும் அரை மணித்தியாலத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும்.

"அப்ப இடையில வாயை என்ன செய்வீங்கள் அண்ணை?" என்று கேட்டான் மச்சான். கடலை, அவித்த முட்டை, நண்டுப் பொரியல், இப்படி ஏதாவது சொல்வார் என்று நான் நினைத்தேன், தவறணையில் அதைத்தான் கண்டிருக்கிறேன்.

"அது குடிக்கிறவனுக்குத் தம்பி. அளக்கிறவன் உறைப்புத் தொடக்கூடாது." பிறகு உள்ளே பார்த்து, "பிள்ளை, கொஞ்சம் வெறுஞ்சோறு கிடக்கே?" என்று கேட்டார்.

மனைவி மத்தியானச் சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள். மொட்டைக்கறுப்பன். எங்கள் வயலில் விளைந்தது. அண்ணை ஒரு பருக்கையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். "உது சிவப்பரிசி. அதுக்கே ஒரு கயர் கிடக்கு. வெள்ளையில்லையோ?"

அவர் சொன்னது சரி. சிவப்பரிசியின் தவிட்டில் உள்ள நிறமே ஒருவகைத் தனின்தான். கயரைக் கழுவக் கயரையே கொடுத்தால் என்ன நடக்கும்? மனைவி கோழிக்குப் போட வைத்திருந்த வெள்ளைச் சம்பாச் சோற்றைக் கொண்டுவந்தாள். எங்கள் வீட்டில் சோறு காய்ச்சும்போது உப்புப் போடுவதில்லை. ஆக உப்பில்லை, எண்ணெய் இல்லை, மணமில்லை.

அண்ணை காட்டித் தந்த முறை இது. ஒரு சிட்டிகைச் சோறு, பத்துப் பன்னிரண்டு பருக்கைக்கு மேல் வேண்டாம். விரலால் நசித்து வாயில் போட்டு, நாக்கால் கன்னத்தின் உட்பக்கமும் பல்லின் முன்பக்கமும் தேய்க்க வேண்டும். மெல்லக் கூடாது. மென்றால் சோறு இனிக்கத் தொடங்கிவிடும், எச்சில் மாப்பொருளைச் சீனியாக்கிவிடும். நாலைந்து தரம் தேய்த்துத் துப்ப வேண்டும். பிறகு ஒரு மிடறு தண்ணி. பிறகு, அவர் இதை அழுத்திச் சொன்னார், "கொஞ்ச நேரம் சும்மா இரு. ஆரோடையும் கதை. வாயை நினைக்காதை."

மச்சான் மதிரான் குடித்தான், சோற்றால் தேய்த்தான், தண்ணி, பிறகு இரண்டு நிமிசம் அண்ணையோடு குளத்துத் தண்ணி மட்டம் பற்றிக் கதைத்தான். மறுபடி பொஜொலேயை வாயில் விட்டான். மதிரானுக்குப் பிறகு மெல்லிய பொஜொலேக்குத் திரும்புவது அவர்கள் தொழிலில் கனவிலும் செய்யக்கூடாத காரியம், வரிசையைத் தலைகீழாக்குவது. கொஞ்சம் யோசித்தான். மறுபடி குடித்தான்.

"வருது அத்தான். முழுசா இல்லை. ஆனால் வருது."

நானும் செய்து பார்த்தேன். பிஸ்கற்றை விடச் சோறு மேல் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. பிஸ்கற் கரடுமுரடு, நன்றாகச் சுரண்டும். சோறு வழுவழுப்பு, பல்லிடுக்கு வரைக்கும் போகும். இரண்டும் கயருக்குப் பிடித்துக்கொள்ள எச்சிலைத் தவிர வேறொன்றைக் கொடுக்கின்றன என்பது என் எண்ணம். ஆனால் எங்கள் வெயிலில் நாலு மணிக்கே நமத்துப் போன கிறீம் கிறாக்கரை விட அன்று சோறுதான் எனக்கு ஒத்துவந்தது. காத்திருந்த அந்த இரண்டு நிமிசத்துக்கும் பங்கு உண்டு. புது எச்சில் ஊற நேரம் வேண்டுமே. கொழும்பில் தேயிலை ருசி பார்ப்பவர்கள் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கோப்பைகளை உறிஞ்சித் துப்பிக்கொண்டே போவார்கள். 1883-இல் அங்கே தேயிலை ஏலம் தொடங்கிய நாட்டில் இருந்துகொண்டு, துப்புவதைப் பாரிசில் இருந்து வந்து படிப்பிக்க வேண்டியிருந்ததுதான் கொஞ்சம் வெட்கம்.

சோத்தேர்னைக் கடைசியில் திறந்தோம். பூஞ்சணம் பிடித்து வற்றிய முந்திரிகையில் செய்வது. பாலைப்பழத்தைத் தேனில் போட்டது மாதிரி இருந்தது. பாலைப்பழக் காலம் என்பதால் ஒரு பேணி நிறைய மேசையில் கிடந்தது, ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று மச்சான் ஒன்றை எடுத்தான். சின்ன வயதுக்குப் பிறகு அவன் தின்கிற முதல் பாலைப்பழம். பால் உதட்டில் ஒட்டிக்கொண்டது. அதற்குச் சோறும் சரிவரவில்லை, தண்ணியும் சரிவரவில்லை. அவன் அக்கா, என் மனைவி, தேங்காயெண்ணெயைக் கொண்டுவந்து உதட்டில் பூசித் துடைத்துவிட்டாள், ஆறு வயதில் துடைத்துவிட்ட மாதிரியே. ருசி பார்க்கிற வேலை அத்தோடு முடிந்தது. எண்ணெய் பட்ட வாயில் எந்த வைனும் நிற்காது.

அடுத்த நாள் விடிய அண்ணை மூன்று பனையோலைப் பிளாவில் மூன்று மரத்துக் கள்ளோடு வந்தார். ஒன்று குளக்கட்டுப் பனை, ஒன்று கோயில் வீதிப் பனை, ஒன்று தென்னை. படிக்கத்தை மாமா மறுபடி கழுவி வைத்திருந்தார், கேட்காமலே. மச்சான் கண்ணைக் கட்டிக்கொண்டு இருந்தான். தென்னையை உடனே சொன்னான். மற்ற இரண்டையும் மாற்றிச் சொன்னான்.

"திருப்பித் தாங்கோ" என்றான்.

"முதல் வாயைக் கழுவு" என்றார் அண்ணை. மனைவி உள்ளே இருந்து குரல் கொடுத்தாள்: "சோறு இன்னும் காய்ச்சேல்லை, இஞ்சேருங்கோ, எல்லாரையும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ."